பழைய ஆட்டோமேட்டிக் காரில் கியர்பாக்ஸ் போயிடுச்சா? கார்டைத் தேய்க்கிறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



பழைய கார் வாங்குவதைப் பற்றி நம்ம சேனலில் பேசினப்போ, "ஆட்டோமேட்டிக்ல எனக்கு ஒரு பெரிய அடி விழுந்திருக்கு, அதைத் தனியா சொல்றேன்"னு சொல்லிட்டு நகர்ந்துட்டேன். அது என்ன அடின்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பத்து நிமிஷ வீடியோவில் அடங்காத விஷயம். அதனால இங்கே எழுதுறேன்.

2022 டிசம்பர். விழுப்புரத்தில் சித்தி வீட்டு விசேஷம் முடிஞ்சு அம்மா, தங்கச்சி, நான் மூணு பேரும் சென்னை திரும்பிட்டு இருந்தோம். என்னோடது 2011 மாடல் ஹேட்ச்பேக், ஆட்டோமேட்டிக். 2019-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினது. மதுராந்தகம் தாண்டி ஒரு லாரியை ஓவர்டேக் பண்ணலாம்னு ஆக்சிலரேட்டரை மிதிச்சேன். இன்ஜின் உறுமுது, ஆர்பிஎம் முள் மேலே ஏறுது, ஆனா வண்டி வேகம் எடுக்கல. கொஞ்ச தூரத்தில் சுத்தமா நின்னுடுச்சு.

அப்போ என் கைக்கு வர்ற சம்பளம் 42,000. அவசரத்துக்குன்னு சேர்த்து வெச்சிருந்தது 1,10,000. அதிலயும் 50,000 தங்கச்சியோட காலேஜ் ஃபீஸுக்கு, ஜனவரியில் கட்டணும். அன்னைக்கு ராத்திரியிலிருந்து அடுத்த ஆறு மாசத்தில் நான் எடுத்த முடிவுகளில் பாதிக்கு மேல தப்பு. அந்தத் தப்பு ஒவ்வொண்ணுக்கும் ஒரு விலை இருந்துச்சு. நீங்க அந்த விலையைக் கொடுக்க வேண்டாம்னுதான் இந்தப் பதிவு.

முதல் அரை மணி நேரம்: ரோட்டில் செய்ய வேண்டியது

நான் என்ன பண்ணேன் தெரியுமா? டி-யில் போட்டு மிதிச்சேன். என்-க்கு மாத்தி மறுபடி டி-யில் போட்டு மிதிச்சேன். இப்படியே 20 நிமிஷம். கருகின வாசனை வந்ததும்தான் நிறுத்தினேன். அந்த வாசனை கியர்பாக்ஸுக்குள்ளே இருக்கிற கிளட்ச் தட்டுகள் எரிஞ்ச வாசனைன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.

நீங்க பண்ண வேண்டியது இதுதான்:

1. வண்டியை முடிஞ்ச வரை இடது ஓரமா ஒதுக்குங்க. ஹசார்ட் லைட் போடுங்க. ஆட்களை இறக்கி, ரோட்டை விட்டுத் தள்ளி நிக்கச் சொல்லுங்க. எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னாடி நல்ல தூரத்தில் வையுங்க. தேசிய நெடுஞ்சாலையில் இருந்தா 1033-க்குக் கூப்பிடுங்க. அது 24 மணி நேர உதவி எண்.

2. டேஷ்போர்டில் என்னென்ன லைட் எரியுதுன்னு போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. பின்னாடி மெக்கானிக்குக்கு உதவும்.

3. வண்டிக்கு அடியில் டார்ச் அடிச்சுப் பாருங்க. சிவப்பு, பிரவுன் நிறத்தில் எண்ணெய் ஒழுகியிருந்தா இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க.

4. ஒழுகல் எதுவும் இல்லைன்னா, இன்ஜினை அணைச்சு ஒரு பத்து நிமிஷம் விட்டு ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. சில நேரம் கியர்பாக்ஸ் சூடாகி, தன்னைப் பாதுகாக்க ஒரே கியரில் பூட்டிக்கும். இதுக்கு லிம்ப் மோட்னு பேரு. அப்படின்னா மெதுவா பக்கத்தில் ஒரு பாதுகாப்பான இடம் வரைக்கும் போகலாம். அதுக்கு மேல வேண்டாம்.

5. கயிறு கட்டி இழுக்க விடாதீங்க. நான் விட்டேன். குட்டி யானை ஒண்ணு வந்துச்சு, 1,500 ரூபாய்க்கு செங்கல்பட்டு வரைக்கும் இழுத்துட்டுப் போச்சு. பெரும்பாலான ஆட்டோமேட்டிக்கில் உள்ளே எண்ணெயைச் சுத்த விடுற பம்ப், இன்ஜின் ஓடினாத்தான் ஓடும். இன்ஜின் அணைஞ்சிருக்கும்போது சக்கரம் உருண்டா, உள்ளே பாகங்கள் எண்ணெய் இல்லாம சுத்தும். அதனால வண்டியை முழுசா மேலே ஏத்திட்டுப் போற ஃபிளாட்பெட் ரெக்கவரி வண்டிதான் வேணும். முன் சக்கரத்தில் ஓடுற வண்டின்னா, முன்பக்கத்தைத் தூக்கிட்டு இழுத்தாலும் பரவாயில்லை. காசு கூடத்தான் ஆகும். ஆனா இங்கே மிச்சம் பிடிக்கிற காசு ஒர்க்‌ஷாப்பில் பல மடங்கா போகும்.

உங்க இன்சூரன்ஸில் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் சேர்த்திருக்கீங்களான்னு பாலிசியை இன்னைக்கே திறந்து பாருங்க. எனக்கு இருந்துச்சு. எனக்கே தெரியல.

உங்க காரில் இருக்கிறது எந்த ஆட்டோமேட்டிக்?

"ஆட்டோமேட்டிக் போயிடுச்சு சார், ஒன்றரை லட்சம் ஆகும்"னு யாராவது சொன்னா, முதல்ல இதைத் தெரிஞ்சுக்கோங்க. ஆட்டோமேட்டிக்னு நாம ஒரே பேர்ல சொல்றது உண்மையில் நாலு விதமான மெஷின்.

ஏஎம்டி: இது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிக்கிறதையும் கியர் மாத்துறதையும் உங்களுக்குப் பதிலா ஒரு கருவி செய்யுது. நம்ம நாட்டில் 2014-ல் மாருதி செலேரியோ மூலமா வந்தது. அதனால பத்து வருஷம் தாண்டின ஏஎம்டி வண்டிகள் இப்போ செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டில் நிறைய இருக்கு. இதில் பெரும்பாலும் போறது கிளட்ச் பிளேட், இல்லைன்னா கியர் மாத்துற அந்தக் கருவி, ஒரு சென்சார். முழு கியர்பாக்ஸையும் மாத்தணும்னு யாராவது சொன்னா இரண்டாவது கருத்து கட்டாயம் கேளுங்க.

டார்க் கன்வெர்ட்டர்: பழைய, உறுதியான வகை. கிளட்சுக்குப் பதிலா எண்ணெய் வழியா சக்தி கடத்துது. எண்ணெய்தான் இதுக்கு உயிர். எண்ணெய் குறைஞ்சாலோ கெட்டாலோ மத்ததெல்லாம் வரிசையா போகும். என்னோடது இந்த வகை.

சிவிடி: பல் சக்கரத்துக்குப் பதிலா ரெண்டு புல்லியும் நடுவில் ஒரு பெல்ட்டோ செயினோ இருக்கும். நடுக்கம், "ஙீ"ன்னு ஒரு சத்தம், இழுவை இல்லாமை இதெல்லாம் அறிகுறி. இதுக்குன்னு தனி எண்ணெய் இருக்கு. வேற எண்ணெய் ஊத்தினா கெட்டுடும்.

டிசிடி: ரெண்டு கிளட்ச், ஒண்ணு ஒற்றைப்படை கியர்களுக்கு, இன்னொண்ணு இரட்டைப்படைக்கு. டிராஃபிக்கில் நத்தை மாதிரி நகர்ந்தா சூடாகும். இதைக் கட்டுப்படுத்துற எலக்ட்ரானிக் பகுதி போனா செலவு கனமா வரும்.

வகை தெரிஞ்சாலே மெக்கானிக்கிட்ட பேசுற விதம் மாறிடும். அவரும் உங்களைப் பார்க்கிற பார்வை மாறும்.

டயக்னோசிஸுக்குத் தனியா காசு கொடுங்க

நான் பண்ணதிலேயே பெரிய தப்பு இதுதான். முதல் ஒர்க்‌ஷாப்காரர் வண்டியை ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார். "தம்பி, கியர்பாக்ஸ் முடிஞ்சுது. ரீகண்டிஷன் பண்ணினது ஒண்ணு இருக்கு. 1,45,000. மூணு நாள்ல ரெடி"ன்னார். நான் தலையாட்டிட்டேன். ஏன் போச்சுன்னு கேட்கவே இல்லை.

சரியான வழி என்ன? "ரிப்பேர் பண்றேனோ இல்லையோ, என்ன பிரச்சனைன்னு கண்டுபிடிச்சுச் சொல்ல எவ்வளவு?"ன்னு கேளுங்க. அதுக்கான கூலியைச் சந்தோஷமா கொடுங்க. கண்டுபிடிக்கிற காசை ரிப்பேர்ல எடுத்துக்கலாம்னு நினைக்கிற ஒர்க்‌ஷாப்புக்கு, பெரிய ரிப்பேரா சொல்றதுதான் லாபம். கண்டுபிடிக்கிறதுக்கே காசு வாங்கிட்டா அந்த அவசரம் அவருக்கு இருக்காது.

அந்தக் காசுக்கு நீங்க எதிர்பார்க்க வேண்டியவை:

முதலாவது, ஸ்கேனர் ரிப்போர்ட். வண்டியில் ஓபிடி ஸ்கேனர் மாட்டினா பிழைக் குறியீடுகள் வரும். பி0700-ன்னு மட்டும் வந்தா, "கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் ஏதோ சொல்ல வருது"ன்னு மட்டும்தான் அர்த்தம். அதுக்குள்ளே போய்ப் பார்த்தாத்தான் விஷயம் தெரியும். பி0715 வந்தா வேகத்தை அளக்கிற சென்சாரோ அதோட வயரிங்கோ. பி0730 வந்தா கியர் வழுக்குதுன்னு அர்த்தம். குறியீட்டைப் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. குறியீடு ஒரு திசையைத்தான் காட்டும், அதை மட்டும் வெச்சு எந்தப் பாகத்தையும் மாத்தக் கூடாது.

இரண்டாவது, எண்ணெய். அளவு எவ்வளவு, நிறம் என்ன, கருகின வாசனை இருக்கா? அடியில் இருக்கிற பேனைக் கழட்டினா உள்ளே உலோகத் தூள் இருக்கா? லேசான பொடி வயசான வண்டியில் சகஜம். மினுமினுன்னு துண்டுகள் கிடந்தா உள்ளே உடைஞ்சிருக்கு.

மூணாவது, பேட்டரியும் வயரிங்கும். பேட்டரி வோல்டேஜ் இறங்கினாலே கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் குழம்பிப் போகும். கியர் லிவரிலிருந்து போற கேபிள் கழண்டிருந்தாலும் வண்டி நகராது. இவை ரெண்டும் சின்னச் செலவு.

கொட்டேஷனில் கேட்க வேண்டியவை

பிரச்சனை என்னன்னு தெரிஞ்ச பிறகு குறைஞ்சது ரெண்டு இடத்தில் எழுத்துமூலமா கொட்டேஷன் வாங்குங்க. ஒண்ணு கம்பெனி சர்வீஸ் சென்டர், இன்னொண்ணு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கிற ஒர்க்‌ஷாப். சென்னை, கோயம்புத்தூர் மாதிரி ஊர்களில் அப்படிப்பட்டவங்க இருக்காங்க. கம்பெனியில் பெரும்பாலும் மொத்தமா மாத்தத்தான் சொல்வாங்க. தனி ஒர்க்‌ஷாப்பில் பிரிச்சு, கெட்ட பாகத்தை மட்டும் மாத்த வழி இருக்கும்.

கேட்க வேண்டிய கேள்விகள்:

போடப் போறது புதுசா, ரீகண்டிஷனா, வேற விபத்து வண்டியிலிருந்து கழட்டினதா? அந்த வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடினது?

வாரண்டி எத்தனை மாசம், எத்தனை கிலோமீட்டர்? பாகத்துக்கு மட்டுமா, கழட்டி மாட்டுற கூலிக்கும் சேர்த்தா?

ஆயில் கூலரையும் அதோட குழாய்களையும் சுத்தம் பண்ணுவீங்களா, மாத்துவீங்களா?

இந்தக் கடைசிக் கேள்வியை மறக்காதீங்க. என் ஒன்றரை லட்சத்தைத் தின்னது இதுதான். பழைய கியர்பாக்ஸ் எரிஞ்சப்போ வந்த தூளெல்லாம் கூலருக்குள்ளே தங்கியிருந்தது. அதைச் சுத்தம் பண்ணாம மாத்தின கியர்பாக்ஸை மாட்டிட்டாங்க. அஞ்சே மாசம். 2023 மே மாசம் பல்லாவரம் சிக்னலில் மறுபடி அதே உறுமல், அதே மாதிரி நகராத வண்டி.

"ஆறு மாச வாரண்டி சொன்னீங்களே அண்ணே"ன்னு போய் நின்னேன். "அது வேற பிராப்ளம் தம்பி, நீங்க ஓட்டின விதம்"னு சொல்லிட்டார். என்கிட்ட பில் இல்லை. ஏன் இல்லை? பில் வேணும்னா 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும்னு அவர் சொன்னார். 26,100 ரூபாய் மிச்சம்னு நான் பில்லே வேண்டாம்னுட்டேன். அன்னைக்குச் சந்தோஷமா வீட்டுக்கு வந்தேன்.

பில் இருந்திருந்தா என்ன பண்ணியிருக்கலாம்? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு புகார் கொடுக்கலாம். அதிலும் தீரலைன்னா, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ரெண்டு வருஷத்துக்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ள இருந்தா மனு கட்டணம் கிடையாது. ஆன்லைனிலேயே தாக்கல் பண்ணலாம். ஆனா எல்லாத்துக்கும் கையில் ஒரு காகிதம் வேணும்.

இன்சூரன்ஸ் தருமா?

பெரும்பாலும் தராது. சாதாரண மோட்டார் பாலிசியில் தேய்மானம், மெக்கானிக்கல் பிரேக்டவுன், எலக்ட்ரிக்கல் பிரேக்டவுன் மூணும் விலக்கு. ஜீரோ டெப் எடுத்திருந்தாலும் இதே கதைதான். அது விபத்து கிளெய்மில் தேய்மானம் கழிக்காம இருக்கத்தான்.

இன்ஜின் புரொடெக்ட்னு ஒரு ஆட்-ஆன் இருக்கு. வெள்ளத் தண்ணி உள்ளே போனது, அடியில் கல் இடிச்சு எண்ணெய் கொட்டினது மாதிரி காரணத்தால் கெட்டுப்போனா பல பாலிசிகளில் கியர்பாக்ஸுக்கும் சேர்த்து வரும். வயசாகிப் போனதுக்கு வராது. காரணம் முக்கியம்கிறதால, அடியில் அடிபட்ட தடம் இருந்தா ரிப்பேருக்கு முன்னாடியே போட்டோ எடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிடுங்க. பிரிச்சுட்டுச் சொன்னா ஏத்துக்க மாட்டாங்க.

வண்டியை ஒரு டீலர்கிட்ட சமீபத்தில் வாங்கியிருந்தா, அவங்க கொடுத்த வாரண்டி பேப்பரையும் எடுத்துப் பாருங்க. சிலர் இன்ஜின், கியர்பாக்ஸ் ரெண்டுக்கும் சில மாசம் வாரண்டி கொடுக்கிறாங்க.

இப்போ முக்கியமான கணக்கு: சரி பண்றதா, விக்கிறதா?

"வண்டி விலையில் பாதிக்கு மேல ரிப்பேர் செலவு வந்தா தூக்கிப் போட்டுடு"ன்னு ஒரு பொதுவான பேச்சு இருக்கு. கேட்க நல்லா இருக்கு. ஆனா அது அரைக் கணக்கு. ஏன்னா வண்டியைத் தூக்கிப் போட்ட பிறகு நீங்க எதில் போவீங்கங்கிற செலவு அதில் இல்லை.

அதே மாதிரி, "ஏற்கனவே இதுக்கு 3 லட்சம் போட்டிருக்கேன், எப்படி விடுறது"ங்கிறதும் தப்பு. போட்ட காசு போனதுதான். இனிமேல் போற காசுதான் கணக்கு.

நான் இப்போ பயன்படுத்துற முறை இது: அடுத்த 24 மாசத்துக்கு, மாசத்துக்கு எவ்வளவு ஆகும்?

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். நல்லா ஓடினா உங்க வண்டி 2,40,000 போகும். ஓடாத நிலையில் அப்படியே கேட்டா 1,10,000. ரிப்பேர் கொட்டேஷன் 85,000. ரெண்டு வருஷம் கழிச்சு 1,50,000-க்கு விக்கலாம்னு வையுங்க.

வழி 1, சரி பண்ணி ஓட்டுறது: இன்னைக்கு விட்டுக் கொடுக்கிற 1,10,000, கையிலிருந்து போற 85,000, மொத்தம் 1,95,000. கடைசியில் திரும்ப வர்றது 1,50,000. இழப்பு 45,000, மாசத்துக்கு 1,875. இதோட பராமரிப்பு 2,000, பழைய வண்டியில் அடுத்து எது போகுமோங்கிறதுக்கு ஒதுக்கீடு 1,500, இன்சூரன்ஸ் 700, பெட்ரோல் 3,000. மொத்தம் மாசம் சுமார் 9,075.

வழி 2, அப்படியே வித்துட்டு வேற செகண்ட் ஹேண்ட் கார்: 4,50,000 வண்டி. கையில் 1,10,000, மீதி 3,40,000-க்கு 13 சதவீத வட்டியில் 4 வருஷ லோன். இஎம்ஐ சுமார் 9,120. ரெண்டு வருஷத்தில் கட்டினது போக பாக்கி சுமார் 1,92,000 இருக்கும். அப்போ வண்டி 3,50,000-க்குப் போகும்னா, உங்களுக்கு மிஞ்சுறது 1,58,000. முன்பணம், இஎம்ஐ எல்லாம் கூட்டி இதைக் கழிச்சா மாசம் சுமார் 7,120. இதோட பராமரிப்பு 1,500, பேர் மாத்துறது மாதிரி செலவுகள் 500, இன்சூரன்ஸ் 1,000, பெட்ரோல் 3,000. மொத்தம் சுமார் 13,120.

வழி 3, ரெண்டு வருஷத்துக்குக் காரே வேண்டாம்: வித்த 1,10,000 வங்கியில். ஆபீஸுக்கு மெட்ரோ, பஸ். குடும்பத்தோட போறப்போ டாக்சி. ஊருக்குப் போறப்போ வாடகைக் கார். உங்க டாக்சி ஆப்பில் போன மூணு மாச பில்லைப் பார்த்து நேர்மையா ஒரு தொகை போடுங்க. மாசம் 7,500-ன்னு வெச்சுக்கலாம்.

இப்போ என்ன தெரியுது பாருங்க. வழி 1-க்கும் வழி 3-க்கும் வித்தியாசம் மாசம் 1,575. நடு ராத்திரி அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வாசலில் ஒரு வண்டி நிக்கணும்னா, அதுக்கு நீங்க கொடுக்கிற விலை அதுதான். உங்களுக்கு அது தகும்னா கொடுங்க. ஆனா விலை தெரிஞ்சு கொடுங்க.

இன்னொண்ணு. இதே உதாரணத்தில் ரிப்பேர் 1,80,000 ஆனா, வழி 1 மாசம் சுமார் 13,030 ஆகிடும். வழி 2-க்குச் சமம். அப்போ இந்த வண்டிக்கு எல்லைக்கோடு 1,80,000 பக்கத்தில் இருக்கு. அதுக்குக் கீழே வர்ற கொட்டேஷன்னா வேற கார் வாங்குறதை விட ரிப்பேர் மலிவு. "வண்டி விலையில் பாதி"ன்னு பார்த்திருந்தா 1,20,000-லயே கை விட்டிருப்பீங்க.

ஆனா ஒரு நிபந்தனை. மத்ததெல்லாம் நல்லா இருக்கணும். இன்ஜின் புகை விடுது, அடியில் துரு, 15 வருஷ ஆர்சி முடியப் போகுதுன்னா 24 மாச கணக்கே செல்லாது. கியர்பாக்ஸைப் பார்க்கச் சொல்லும்போதே இன்ஜின், சஸ்பென்ஷன், பாடி மூணையும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க.

காசுக்கு எங்கே போறது?

நான் 60,000 ரொக்கமும், 85,000 கிரெடிட் கார்டிலும் கொடுத்தேன். ரொக்கம் கொடுத்ததும் மிச்சம் இருந்த 50,000 தங்கச்சி ஃபீஸுக்குப் போச்சு. கார்டுக்கு மினிமம் டியூ மட்டும் கட்டினேன். மாசம் 3.5 சதவீத வட்டி, அந்த வட்டிக்கு மேல 18 சதவீத ஜிஎஸ்டி. ஒரு லட்சம் பாக்கி இருந்தா மாசம் 4,130 வட்டியாவே போகும், அசல் அப்படியே நிக்கும். எனக்கு அஞ்சு மாசத்தில் சுமார் 16,000 போச்சு.

இதே ஒரு லட்சத்தை 14 சதவீதத்தில் 24 மாச பர்சனல் லோனா எடுத்தா இஎம்ஐ சுமார் 4,800. ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்து வட்டி சுமார் 15,200. கிட்டத்தட்ட அதே தொகைதான் மாசா மாசம் போகுது, ஆனா இங்கே கடனே அடைஞ்சுடுது.

நான் சொல்ற வரிசை இது:

முதல்ல எமர்ஜென்சி ஃபண்ட், ஆனா குறைஞ்சது ஒரு மாசச் செலவைத் தொடாம விட்டுடுங்க. அடுத்தது ஆபீஸில் சேலரி அட்வான்ஸ். எஃப்டி இருந்தா உடைக்காம அதன் மேல் கடன். அப்புறம் நகைக்கடன். அதுக்கப்புறம் பர்சனல் லோன். கார்டுதான் வழின்னா, தேய்ச்ச உடனே இஎம்ஐயா மாத்துங்க, பிராசஸிங் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. அஞ்சு நிமிஷத்தில் பணம் தர்றேன்னு சொல்ற ஆப்கள் பக்கம் போறதுக்கு முன்னாடி, பின்னாடி இருக்கிற கம்பெனி ரிசர்வ் வங்கியில் பதிவானதான்னு பாருங்க.

என் கதை எப்படி முடிஞ்சது?

ரெண்டாவது தடவை நின்னப்போ கார்டு பாக்கியே 80,000-க்கு மேல. அம்மாகிட்ட தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஒரு வார்த்தை கேட்கல. உள்ளே போய் வளையல் ரெண்டையும் கழட்டிக் கொண்டு வந்து மேஜையில் வெச்சாங்க. "வட்டி கட்டிட்டே இருக்காதடா"ன்னு மட்டும் சொன்னாங்க. அடகு வெச்சு கார்டை அடைச்சேன்.

வண்டியை இந்தத் தடவை கியர்பாக்ஸ் மட்டும் பார்க்கிற ஒருத்தர்கிட்ட கொண்டு போனேன், ஃபிளாட்பெட்டில். ரெண்டு நாள் எடுத்துக்கிட்டார். கூலருக்குள்ளே அடைச்சிருந்த தூளைக் காட்டினார். முதல் தடவை எப்படி நின்னுச்சுன்னு கேட்டார். சொன்னேன். "அதுக்கு முன்னாடி எங்கயாவது எண்ணெய் ஒழுகிச்சா?"ன்னார்.

அப்போதான் ஞாபகம் வந்துச்சு. மூணு வாரமா அபார்ட்மென்ட் வாட்ச்மேன் சொல்லிட்டே இருந்தார், "சார், உங்க வண்டிக்கு அடியில சிவப்பா ஏதோ சொட்டுது"ன்னு. ஏசி தண்ணியா இருக்கும்ணேன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். ஏசி தண்ணி சிவப்பா இருக்காது. அது கூலர் ஹோஸிலிருந்து ஒழுகின கியர்பாக்ஸ் எண்ணெய். "அப்பவே வந்திருந்தீங்கன்னா ஹோஸ், எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துக்குள்ள முடிஞ்சிருக்கும்"னார்.

மறுபடி சரி பண்ண 90,000 கேட்டார். மேலே சொன்ன கணக்கை அன்னைக்கு ராத்திரிதான் முதல் தடவையா ஒரு நோட்டில் போட்டேன். அம்மாவையும் உட்கார வெச்சு போட்டேன். எங்க உபயோகத்துக்கு வழி 3 தான் சரின்னு வந்துச்சு. வண்டியை அப்படியே 90,000-க்கு வித்தேன். முதல் தடவை நின்னப்போவே வித்திருந்தா 1,05,000 கேட்டிருந்தாங்க. ரிப்பேர் 1,45,000, வட்டி 16,000, ரெண்டு தடவை இழுத்துட்டுப் போனது 5,000, விலையில் குறைஞ்சது 15,000. அஞ்சு மாசம் வண்டி ஓட்டினதுக்கு நான் கொடுத்தது 1,81,000.

இனிமேல் நீங்க செய்ய வேண்டியது

பழைய ஆட்டோமேட்டிக் வெச்சிருந்தா மாசம் 2,000 முதல் 3,000 வரை தனி ஆர்டியில் போடுங்க. பேரே "வண்டி"ன்னு வையுங்க. ரெண்டு வருஷத்தில் 48,000-லிருந்து 72,000 வரைக்கும் கையில் இருக்கும். எதுவும் ஆகலைன்னா அடுத்த வண்டிக்கு முன்பணம்.

கியர்பாக்ஸ் எண்ணெயை எப்போ மாத்தணும்னு கையேட்டைப் பாருங்க. அதில் சாதாரண உபயோகம், கடினமான உபயோகம்னு ரெண்டு அட்டவணை இருந்தா, நம்ம ஊர் வெயிலுக்கும் டிராஃபிக்குக்கும் ரெண்டாவதுதான் பொருந்தும். கையேட்டில் சொன்ன வகை எண்ணெய் மட்டும்தான், வேற கூடாது.

கியர் மாறும்போது இடிக்கிறது, டி போட்டதும் நகர ரெண்டு செகண்ட் எடுக்கிறது, ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாதது. இதில் எது தெரிஞ்சாலும் அந்த வாரமே காட்டுங்க.

வளையலை 2024 பிப்ரவரியில் மீட்டேன். அடுத்த வீடியோவில் இந்த 24 மாச கணக்கை உங்க எண்களைப் போட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு ஷீட்டா காட்டுறேன். அதுவரைக்கும் ஒரே ஒரு வேலை: நாளைக்குக் காலையில் வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி, குனிஞ்சு அடியில் ஒரு தடவை பாருங்க. வாட்ச்மேன் ஏதாவது சொன்னா நின்னு கேளுங்க.